வலி: இரண்டு

ஆகஸ்ட் 12, செவ்வாய். வலி: 7

இன்று முதல் இந்த நோட்டு. பிசியோதெரபி ஹசீனாவின் உத்தரவு. "தினமும் சாயங்காலம் அண்ணன்கிட்ட கேளுங்கக்கா. வலியே இல்லேன்னா சைபர், தாங்கவே முடியலேன்னா பத்து. அவங்க சொல்லுற நம்பர அப்படியே எழுதணும். நீங்களாக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பக்கத்துலயே அன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி போட்டு வைங்க" என்றாள்.

எனக்கு இது புதிய வேலை இல்லை. அங்கன்வாடியில் இருபத்தாறு பிள்ளைகளின் எடை, உயரம், முட்டை, சத்துமாவு எல்லாம் எழுதுகிறவள். இருபத்தேழாவது பிள்ளையாக இவரையும் சேர்த்துக்கொள்கிறேன். பெயர் தங்கப்பழம். வயது ஐம்பத்திரண்டு. ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம், ஹவில்தாராக ஓய்வு. இப்போது பத்து வருடமாக வள்ளியூரில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு காவல். முதுகில் இரண்டு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. என் பெயர் செல்வக்கனி. கல்யாணத்தன்று இவருடைய சிநேகிதர்கள் ஒட்டிய போஸ்டரில் ‘பழம் கனிந்தது’ என்று போட்டிருந்தார்கள். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதல் நாளே தகராறு. பத்துக்கு எத்தனை என்று கேட்டால், "மூணுன்னு போடுளா" என்றார். சட்டையைக் கழற்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு மூணாம். "பொய் சொன்னா நோட்டு எழுத மாட்டேன் பாத்துக்கிடுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஏழு என்றார்.

ஹசீனா கொடுத்த பயிற்சித் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதன் கீழ்ப்பாதியில் சிலிண்டர் பில்லைச் செருக வசதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி. வலி: 8

வங்கியில் கொடியேற்றம். சல்யூட் அடிக்கும்போது விறைப்பாக நின்றிருப்பார், அது எனக்குத் தெரியாதா. வீட்டுக்கு வந்து வாசல்படியில் நின்றுவிட்டார். குனிந்து ஷூவைக் கழற்ற முடியவில்லை. நான் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். "ஏளா, யாராவது பாத்தா என்ன நெனப்பாவ" என்றார். "பொண்டாட்டி கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கான்னு நெனப்பாவ, நெனச்சிட்டுப் போட்டும்" என்றேன். சிரித்தார். சிரித்ததும் வலித்தது. அதற்கும் என்னைத் திட்டினார்.

ஆகஸ்ட் 23, சனி. வலி: 7

கட்டிலிலிருந்து எழும்போதெல்லாம் ‘யம்மா’ என்று ஒரு சத்தம் போடுகிறார். வலி ஐந்துக்குக் கீழே இருந்தால் அந்தச் சத்தம் வராது, இதைக் கவனித்து வைத்திருக்கிறேன். என் மாமியார் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. பக்கத்திலே நான் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது இவர் இன்னும் அவரைத்தான் கூப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 30, சனி. வலி: 8

எட்டு மணி நேரம் நின்றால் யாருக்குத்தான் வலிக்காது? வாசலில் காவலாளிக்கு ஒரு நாற்காலி கிடையாது. கேளுங்கள் என்றால் கேட்க மாட்டார். "சென்ட்ரி உக்காருவானாளா? சிரிப்பாணியா இருக்கும்" என்கிறார். இவருடைய ரோஷத்தை எடை போட்டால் அங்கன்வாடித் தராசு தாங்காது.

செப்டம்பர் 9, செவ்வாய். வலி: 7

அரைநாள் விடுப்பு. டவுனில் ஒரு வேலை. போன காரியம் நல்லபடியாக முடிந்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 10, புதன். வலி: 4

வாசலில் நாற்காலி போட்டிருக்கிறார்களாம். சிவப்பு பிளாஸ்டிக். "யாரோ பெரிய மனசு பண்ணியிருக்காவ" என்று சொல்லி என்னையே பார்த்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். திரும்பவில்லை.

செப்டம்பர் 11, வியாழன். வலி: 2

இரண்டு! நான் நம்பாமல் மறுபடி கேட்டேன். "ரெண்டுதான் கனி, சத்தியமா" என்றார். நேற்றைய நாலுக்காகவே அவர் வருமுன் முந்திரி போட்டுக் கேசரி கிண்டி வைத்திருந்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். உட்காருங்கள் என்றதற்கு, "பகல் பூரா உக்காந்துதான இருக்கேன்" என்றார். சரிதானே.

செப்டம்பர் 12, வெள்ளி. வலி: 2

ஷூவைக் கழற்ற இன்று என்னைக் கூப்பிடவில்லை. கதவில் சாய்ந்து ஒரு காலால் மறு காலைத் தள்ளித் தள்ளித் தானே கழற்றிவிட்டார். பத்து நிமிடம் ஆனது. ஆனாலும் முன்னேற்றம்தான்.

தைலம் தீர்ந்துவிட்டது. புதிது வாங்கினேன்.

செப்டம்பர் 15, திங்கள். வலி: 2

குளிக்கும் வாளியை முக்காலி மேல் தூக்கி வைக்கச் சொல்கிறார். கேட்டால் ராணுவத்தில் அப்படித்தானாம். இத்தனை வருடம் இல்லாத ராணுவம் இப்போது எங்கிருந்து வந்ததோ.

தைலம் மறுபடி தீர்ந்துவிட்டது. பாட்டிலைச் சின்னதாக்கிவிட்டார்கள், விலை மட்டும் அதேதான்.

செப்டம்பர் 16, செவ்வாய். வலி: 2

இன்று ஹசீனாவிடம் போக வேண்டிய நாள். "ரெண்டுக்கு எதுக்குளா பிசியோ" என்று சொல்லிப் போகவில்லை. வெந்நீர்ப் பை ஒழுகுகிறது. உருளைக்கிழங்கு கூட்டு.

செப்டம்பர் 17, புதன். வலி: 2

நின்றேதான் சாப்பிடுகிறார். பழகிவிட்டது போல.

செப்டம்பர் 18, வியாழன். வலி:

செப்டம்பர் 19, வெள்ளி.

நேற்றைய இடம் காலியாகக் கிடக்கிறது. கேட்க ஆள் வீட்டில் இல்லை.

நடந்ததை எழுதுகிறேன். நேற்றுக் காலை பதினொன்றே கால் மணி. பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். உதவியாளர் பகவதி போனை நீட்டி, "டீச்சர், இது நம்ம அண்ணன் பேங்குலா?" என்றாள். வங்கி வாசலில் துப்பாக்கி வெடித்திருக்கிறது. மேலாளர் நவநீதனின் வலது முழங்காலுக்குக் கீழே ரவைகள் பாய்ந்திருக்கின்றன. வெடித்தது இவருடைய துப்பாக்கி. அதை மேஜை மேல் வைத்துவிட்டு, தன் பெல்ட்டைக் கழற்றி அந்த மேலாளர் பிள்ளையின் தொடையில் இறுக்கிக் கட்டினாராம். பிறகு போலீஸ் வரும்வரை சுவரோரம் நின்றாராம்.

ஸ்டேஷனில் இவர் சொன்னது மூன்றே சொல். "தப்பு என்னுதுதான் ஐயா." அதற்கு மேல் எத்தனை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. கொலை முயற்சி வழக்கு. பாளையங்கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தைலத்தைக் கொடுத்து அனுப்பக் கூட எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு.

இவர் பேசவில்லை அல்லவா, அதனால் ஊர் பேசுகிறது. தொலைக்காட்சியில் நான்கு பேர் நான்கு பெட்டிக்குள் உட்கார்ந்து, ஏன் சுட்டார் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ராணுவத்தில் பட்ட மன அழுத்தம் என்றார் ஒருவர். வேலைப் பகை என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் முதுகெலும்பு மருத்துவர். நாட்பட்ட வலி மனிதனின் சுபாவத்தையே மாற்றிவிடுமாம். கீழே சிவப்பு எழுத்தில் ‘முதுகுவலியால் கொலைவெறியா?’ என்று ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு ராஜகனி அண்ணாச்சி லாரி ஓட்டியவர், இவரைவிட மோசமான முதுகு. "எனக்கும் இருவது வருசமா வலிக்கி, நான் எவனச் சுட்டேன்?" என்று தெருவில் நின்று கத்தினார். ஹசீனாவிடம் வருகிறவர்கள் வீட்டில் போய், நானும் சுட்டுவிடுவேன் என்று வேடிக்கை பேசுகிறார்களாம். அவள் அழுதுகொண்டே போனில் சொன்னாள்.

இன்னொரு கூட்டத்துக்கு இவர் வீரராகிவிட்டார். கால் கடுக்க நிற்கிற காவலாளிகளின் வீரர் என்று படம் போட்டுப் பரப்புகிறார்கள். அதை அனுப்பின ஒருவனும் நவநீதனின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

வங்கி கேமராப் படத்தையும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். தூண் மறைத்திருப்பதால் துப்பாக்கி தெரியவில்லை. இவர் எழுவதும் முகமும் மட்டும் தெரிகிறது. அந்த முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "கோபத்தைப் பாருங்கள்" என்கிறார்கள். இருபத்தைந்து வருடம் கூட இருந்தவள் நான். இவர் கோபப்பட்டால் முகம் இறுகாது, காது மடல் சிவக்கும். இது எட்டு, ஒன்பது என்று சொல்கிற நாளின் முகம். ஆனால் அந்த வாரம் முழுக்க இரண்டுதானே?

செப்டம்பர் 23, செவ்வாய்.

வக்கீல் ஆவுடையப்பனைப் பார்த்தேன். நல்ல மனிதர், அவசரக்காரர்.

"முதுகுவலின்னு ஊரே சொல்லுது டீச்சர். நமக்கு அது நல்லதுதான். வலி தாங்காம புத்தி கொழம்பிட்டுன்னு கொண்டு போலாம். நீங்க தெனமும் எழுதுன நோட்டு ஒண்ணு இருக்காம்லா? பிசியோ பொண்ணு சொல்லிச்சு."

கொடுத்தேன். ஏழு, எட்டு என்று பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"என்ன டீச்சர், ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு கெடக்கு? இதக் காட்டுனா நம்ம கதை முடிஞ்சிது. வலியில்லாத நேரத்துல தெளிவா நின்னு சுட்டிருக்கார்னு அரசு வக்கீல் சொல்லுவான். பத்து வருசம் போட்டாலும் போடலாம்." நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பென்சில்லதான எழுதியிருக்கிய?"

நோட்டை மூடி என் கையில் கொடுத்து, நிதானமாக யோசித்துக் கொண்டுவாருங்கள் என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்.

சிறையில் மனுப் போட்டு, ஆதார் காட்டி, இரண்டு மணி நேரம் காத்திருந்து இவரைப் பார்த்தேன். நடுவில் கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். தாடி வந்திருக்கிறது. பாதிக்கு மேல் வெள்ளை. மற்றவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இவர் நின்றார்.

பழக்கத்தில், "எத்தனை?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டினார்.

"என்ன நடந்துச்சு, என்கிட்டயாவது சொல்லுங்க."

"அந்தப் புள்ள காலு எப்பிடி இருக்காம்?"

"ஆபரேசன் முடிஞ்சிட்டாம். நடக்க நாளாகும்னு சொல்லுதாவ."

"சாப்ட்டியாளா நீ?" என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 26, வெள்ளி.

17-ஆம் தேதியின் இரண்டை ரப்பரால் அழித்து எட்டு என்று எழுதிப் பார்த்தேன். அந்த இடத்தைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எட்டை அழித்து இரண்டே எழுதிவிட்டேன். தாள் கொஞ்சம் நைந்துவிட்டது. தாய்மார்கள் அழுது கேட்டும் பிள்ளைகளின் எடையைக் கூட்டிப் போடாத கை இது. நோட்டை அப்படியே கொடுத்தால் இவர் உள்ளே. கொடுக்காவிட்டால் இவருக்காகப் பேச வேறு எதுவும் இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்.

இன்று புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்பு, காவலாளியின் மனைவி மேலாளர் அறைக்குள் அரை மணி நேரம் இருந்தாராம். ஒரு யூடியூப்காரன் அதைச் சொல்லிவிட்டு, "மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்" என்று சிரிக்கிறான். அங்கன்வாடியில் இரண்டு தாய்மார்கள் பிள்ளையை விட வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

9-ஆம் தேதி எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். நான் போனது வங்கிக்குத்தான். இவர் மதியச் சாப்பாட்டுக்குப் பின்கட்டுக்குப் போகும் நேரம் பார்த்துப் போனேன். இந்த நோட்டையும் எடுத்துப் போனேன். நவநீதனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், ஈரோட்டுப் பக்கம். கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பிள்ளை நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படித்தது. ஷூ கழற்றின பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. "இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க" என்றது. மறுநாளே நாற்காலி வந்தது. அதற்குப் பதிலாக எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது காலில் ரவை.

இவர் ரோஷத்துக்குத் தெரியாமல் செய்த காரியம். இவருக்குத் தெரிந்து, அவமானம் தாங்காமல்தான் சுட்டாரோ? என் வாயால் இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. அப்படி இருந்தால் இந்தப் பாவம் முழுக்க என்னுடையது.

அக்டோபர் 4, சனி.

திருநெல்வேலி மருத்துவமனைக்குப் போனேன். பழம் வாங்கிப் போகக் கூசியது, வெறுங்கையோடு போகவும் கூசியது. கடைசியில் ஹார்லிக்ஸ் வாங்கினேன். வார்டு வாசலில் நவநீதனின் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து குறுக்கே நின்றது. நியாயம்தான். உள்ளேயிருந்து, "வரட்டும் விடு" என்று அந்தப் பிள்ளையே சொன்னது.

காலில் கம்பிகள் வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன சொல்லியிருப்பேனோ, ஒன்றும் நினைவில்லை. அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

"எனக்கே புரியலீங்க. அன்னைக்குக் காலைல ‘குட்மார்னிங் சார்’னு சிரிச்சுட்டுத்தான் இருந்தாரு. கேஷ் கவுன்டருக்குப் போகலாம்னு வெளிய வந்தேன். எந்திரிச்சாரு. என்னைப் பாத்துக் கத்துனாரு. வெடிச்சிருச்சு."

"எப்பவுமே எந்திரிப்பாவளா?"

"நான் எப்ப வெளிய வந்தாலும் எந்திரிச்சு நிப்பாருங்க. உக்காருங்க, உக்காருங்கன்னு எத்தன வாட்டியோ சொல்லிட்டேன். கேக்க மாட்டாரு. நான் நாளைக்கு இருவது தடவையாச்சும் வெளிய வருவனுங்க."

இருபது தடவை.

"கத்துனாருன்னு சொன்னீங்களே தம்பி. என்ன சொல்லிக் கத்துனாவ?"

போலீஸும் டிவியும் இதை அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கவே இல்லை. கத்தினார் என்றதுமே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணை மூடி யோசித்தது.

"‘யம்மா’ன்னுங்க."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நவநீதனின் மனைவிதான் தண்ணீர் கொடுத்தது.

அக்டோபர் 5, ஞாயிறு.

நோட்டை முதலிலிருந்து படித்தேன். எண்களை விட்டுவிட்டு, பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் படித்தேன்.

கேசரியை நின்றுகொண்டே சாப்பிட்டார். ஷூ கழற்றப் பத்து நிமிடம். மூன்று நாளில் இரண்டு பாட்டில் தைலம். வாளி முக்காலி மேல். வெந்நீர்ப் பை ஒழுகுகிறது, ஒழுகும்வரை யார் அதை உபயோகித்தது? எல்லாம் என் கையெழுத்து. என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுப்படிக்குப் போய் ஃபிரிட்ஜில் சிலிண்டர் பில்லை எடுத்துவிட்டு ஹசீனாவின் தாளை முழுசாகப் பார்த்தேன். பில்லுக்கு அடியில் இருந்த வரி: ‘தாழ்வான நாற்காலியில் நெடுநேரம் உட்காரக் கூடாது. உட்கார்ந்து எழுவதுதான் டிஸ்க்குக்கு அதிகச் சுமை.’

நின்றபோது ஏழு. நான் வாங்கிக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து இருபது தடவை எழுந்தபோது என்னவாக இருந்ததோ.

அக்டோபர் 9, வியாழன்.

கண்ணாடி. போன். "எத்தனை?" என்றேன்.

இரண்டு விரல்.

"பொய்" என்றேன். "செப்டம்பர் பதினொண்ணுலேந்து சொன்னது அத்தனையும் பொய். யம்மான்னு கத்தியிருக்கிய. அந்தத் தம்பி சொல்லிட்டு."

கீழே பார்த்தார். பின்னால் நின்ற காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாற்காலி வந்த மறுநாளு வீட்டுக்கு வாரேன், வாசல்லயே நெய் வாசன" என்றார். "நீ மொகமெல்லாம் சிரிப்பா நிக்க. எப்பிடிளா சொல்லுவேன்?"

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"எந்திரிக்கத் தெம்பில்லாம துப்பாக்கியத் தரைல ஊணி ஊணி எந்திரிச்சேன் கனி. கம்பு மாதிரி. அன்னைக்கு முதுகுல வெட்டு ஒண்ணு விழுந்துச்சு. கை விட்டுட்டு. டைல்ஸ்ல விழுந்து வெடிச்சிட்டு. இருவத்திரண்டு வருசம் ஆயுதத்த எப்பிடிப் புடிக்கணும்னு புதுப் பயலுவளுக்குச் சொல்லிக்குடுத்தவன். ஊணுகோலா வச்சிருந்தேன்னு எந்த வாயால சொல்ல?"

"வக்கீல்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நாற்காலியக் கேப்பான். நாற்காலி எப்பிடி வந்துச்சுன்னு கேப்பான். நீ வந்துட்டுப் போனத கேஷியர் எனக்கு அன்னைக்கே சொல்லிட்டாரு. இங்க உள்ளயும் டிவி இருக்குளா. ஒன்னப் பத்தி என்ன பேசுதானுவன்னு பாத்தேன். இதுவும் சேந்தா, அவ வாங்கிக்குடுத்த நாற்காலியாலதான்னு ஊரு ஒன்னயக் கொன்னுரும். நீயே ஒன்னயக் கொன்னுருவ."

"நான் கேசரி கிண்டுனது உங்களுக்கு வலி கொறஞ்சிட்டுன்னு. நாற்காலிக்கு இல்ல" என்றேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "கூறுகெட்ட மனுசா, எனக்கு ஒங்க நம்பர்தான வேணும், நல்ல நம்பரா வேணும்? எத்தனை? இப்ப சொல்லுங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கையில் ஐந்து. மறு கையில் நான்கு. கண்ணாடியில் ஒட்டி வைத்தாற்போல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். நானும் என் கையை அந்த விரல்கள் மேல் வைத்தேன். நேரம் முடிந்தது என்றார்கள்.

அக்டோபர் 13, திங்கள். வலி: 9 (வியாழக்கிழமை சொன்னது)

இது வேறு நோட்டு. பழையதை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். எதையும் மாற்றவில்லை.

"ரெண்டுன்னேதான இருக்கு டீச்சர்?" என்றார்.

"ரெண்டுதான். பக்கத்துல எழுதியிருக்கதப் படிங்க" என்றேன். தைலக் கடைச் சீட்டு இரண்டையும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தாளையும் மேஜை மேல் வைத்தேன். 9-ஆம் தேதி நான் வங்கிக்குப் போனதையும், 17-ஆம் தேதி தாள் ஏன் நைந்திருக்கிறது என்பதையும் சொன்னேன். கோர்ட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மணி நேரம் படித்தார். அவர் வீட்டுக்காரி கொண்டுவந்த காபி ஆறிப்போனது.

நவநீதன் போலீஸை வரவழைத்து மறுபடி வாக்குமூலம் கொடுத்திருக்கிறதாம். அந்த ஒரு சொல்லையும் விடாமல் சேர்க்கச் சொன்னதாம். அந்தப் பிள்ளை நன்றாக நடக்க வேண்டும். உவரி அந்தோணியார் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறேன். நாங்கள் அந்த மதம் இல்லை, ஆனால் அந்தோணியார் அதெல்லாம் பார்ப்பதில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி.

தெருவில் வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. பலகாரம் செய்யவில்லை. ராஜகனி அண்ணாச்சி வீட்டிலிருந்து முறுக்கு வந்தது.

அக்டோபர் 24, வெள்ளி. வலி: 8

ஜாமீன் கிடைத்துவிட்டது. வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு நடக்கும். அஜாக்கிரதைக்குத் தண்டனை வரலாம் என்கிறார் வக்கீல். "வரணும்லா. துப்பாக்கிய ஊணுனது தப்புதான" என்கிறார் இவர். முதல் வேலையாக நவநீதனைப் பார்க்கப் போக வேண்டுமாம். நாளை போகிறோம்.

டிவியில் இப்போது நாற்காலிதான் காரணமா என்று நான்கு பேர் பேசுகிறார்கள். அணைத்துவிட்டேன்.

வாசல்படியில் நின்றுவிட்டார். நான் கேட்காமலே காலை நீட்டினார். செருப்பு வாரை அவிழ்த்தேன்.

"எத்தனை?"

"எட்டு" என்றார். நிறுத்தி, "எட்டரைன்னு போடலாமாளா?" என்று கேட்டார்.

"அரையெல்லாம் கெடையாது. எட்டு" என்று சொல்லி எழுதினேன். எட்டு என்று எழுதினதற்குச் சந்தோஷப்பட்ட பொண்டாட்டி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரசமும் அப்பளமும்தான். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி மேடைப் பக்கம் போய் நின்றார். "நீ உக்காந்து சாப்டு" என்றார். நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்று சாப்பிட்டேன்.